அடையாற்றுத் தூண்டிலும் ஐரோப்பிய டிரவுட்டும்



மயிலாப்பூரிலிருந்து அடையாறு நோக்கிப் பேருந்தில் செல்லும்போது திரு.வி.க. பாலத்தின்மேல் மூக்கைப் பொத்திக்கொள்ளாத பயணி அரிது. அடுத்த முறை, பொத்திய கையோடு இடப்பக்கம் சற்றே திரும்பிப் பாருங்கள். அகன்ற நீர்ப்பரப்பு; தென்கரையில் பிரம்மஞான சபைத் தோட்டத்தின் அடர்ந்த மரங்கள்; தொலைவில் கடலோடு ஆறு கலக்கும் முகத்துவாரம். இந்த நீரிலிருந்து தூண்டிலில் வந்த மீன்தான் பல மாதக் கடைசிகளில் எங்கள் வீட்டுக் குழம்பாயிற்று என்றால், இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கின்றனர்.

1960களின் இறுதியில் நான் சிறுவன். மயிலாப்பூரில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் வாப்பா, விடுமுறை நாள்களில் அஸர் தொழுகை முடிந்ததும் மூங்கில் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு புறப்படுவார்கள். பழைய எல்பின்ஸ்டன் பாலத்தின் அருகே கரையிறங்கி உட்கார்ந்தால் மஃரிபுவரை பேச்சில்லை. தங்கூஸ் நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த மிதப்பு, ஒரு தகர டப்பாவில் தூண்டில் முட்கள், தேங்காய்ச் சிரட்டையில் மண்புழு. அவர்களுடைய ஆயுதங்கள் அவ்வளவே. கடல்நீர் ஏறிவரும் நேரத்தில் மடவை வரும்; செத்தகெண்டை வரும்; அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கொடுவாய். அன்றிரவு உம்மாவின் முகத்தில் தெரியும் நிம்மதிக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

சென்ற குளிர்காலத்தில் என் தங்கை மகன் இங்கிலாந்திலிருந்து குடும்பத்துடன் வந்திருந்தான். அவனுடைய மூத்த பையனுக்கு ஒன்பது வயது. தகப்பனும் மகனும் மீன்பிடிப் பித்தர்கள் என்பது அவர்கள் பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. நான்கு துண்டுகளாகக் கழற்றி மாட்டும் மெல்லிய கோல். ஒரு சிறு பெட்டி நிறைய ஈக்கள். உயிருள்ள ஈக்கள் அல்ல. முள்ளின்மேல் பட்டு நூலையும் கோழியிறகையும் முயல் மயிரையும் சுற்றிச் செய்த போலி ஈக்கள்! ஒவ்வொன்றும் அரிசிமணியளவே இருந்தது.

"இது எப்படித் தம்பி தூரம் போய் விழும்? ஈயக் குண்டே இல்லையே!" என்று கேட்டேன்.

"இதிலே நரம்புதான் கனம், மாமா. சாட்டையைச் சொடுக்குகிற மாதிரி அதை முன்னும் பின்னும் வீசினால், ஈயை அது தூக்கிக்கொண்டு போய்விடும்" என்றான்.

நீர்ப்பூச்சிகள் சிறகு முளைத்து மேலெழும் வேளையில் டிரவுட் மீன் நீர்மட்டத்துக்கு வந்து அவற்றைக் கவ்வும். அந்தக் கணத்தில், அதே பூச்சியைப் போன்ற போலியை, நீரில் சலனமின்றி அதன் கண்முன் இறக்கவேண்டும். கலையெல்லாம் அதில்தான் இருக்கிறது. இது நேற்றைய விளையாட்டும் அன்று. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன்பே, மாசிடோனிய ஆறொன்றில் சிவப்புக் கம்பளியும் சேவலிறகும் கட்டிய முள்ளால் மக்கள் மீன் பிடித்ததை ஏலியன் என்னும் ரோமாபுரி எழுத்தாளர் பதிவு செய்திருக்கிறார்.

அவன் செல்வது ஹாம்ப்ஷயர் மாவட்டத்து டெஸ்ட் ஆறு. சுண்ணப்பாறைகளுக்குள் ஊறி வெளிவரும் ஊற்றுநீர் ஆதலால், கோடையிலும் குளிர்ந்து, அடித்தரைக் கூழாங்கல் தெரியுமளவு தெளிந்திருக்குமாம். கரைகள் பெரும்பாலும் தனியாருக்கு உரியவை. நாட்கணக்கில் பணம் கட்டித்தான் நிற்கமுடியும். மீன் முட்டையிடும் குளிர்காலத்தில் தூண்டில் போடத் தடை. ஸ்லோவேனியாவின் சோச்சா ஆற்றிற்கும் ஒருமுறை சென்றானாம். பச்சை நீரில் பளிங்கு வரிகளோடு திரியும் ஒருவகை டிரவுட் அங்கே உண்டு. ஆனால் அவன் சொன்ன இடங்களில் என் மனத்தை நிறைத்தது பொஸ்னியாதான். மோஸ்தார் நகருக்கு அருகில், பிளாகாய் என்னும் ஊரில், செங்குத்தான மலையடிக் குகையிலிருந்து பூனா ஆறு முழு ஆறாகவே வெளிப்படுகிறது. அதன் விளிம்பில் பழைய தர்வேஷ் மடம் ஒன்று நிற்கிறது. எதிர்க்கரை உணவகங்களில் டிரவுட் பொரித்துத் தருகின்றனர். ஐரோப்பா செல்லும் நம்மவர்களுக்கு இறைச்சியில் உள்ள தயக்கம் மீனில் இல்லை. எனினும், ஒயின் ஊற்றிச் சமைத்ததா என்று பிற ஊர்களில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவும் கேட்டபின், "பிடித்த மீனை என்ன செய்வாய்?" என்றேன்.

"திரும்ப விட்டுவிடுவேன் மாமா."

எனக்குச் சுருக்கென்றது. உண்பதற்குப் பிடிப்பது வேறு. வாயில் முள்ளேற்றி வேடிக்கை பார்த்து விடுவது வேறு அல்லவா? உயிருள்ள ஒன்றை விளையாட்டுக்கு இலக்காக்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்களே என்று கேட்டுவிட்டேன். கழற்றும்போது வாயைக் கிழிக்காத முள்ளையே பயன்படுத்துவதாகவும், நீரைவிட்டு மீனை எடுப்பதே இல்லையென்றும், எல்லோரும் தின்றால் ஆற்றில் மீனே மிஞ்சாது என்றும் அவன் விளக்கினான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என் மனம் மட்டும் ஒப்பவில்லை.

மறுநாள் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்க வாப்பா மீன் பிடிச்ச இடத்தைக் காட்டுங்க." அழைத்துச் சென்றேன். பட்டினப்பாக்கம் பக்கமாக முகத்துவாரத்தை அடைந்தோம். 1967இல் மீனவர்களுக்காகக் கட்டி 1977இல் இடிந்த உடைந்த பாலம் அங்கே நிற்கிறது. அதனருகே ஒருவர் வீச்சு வலையை வட்டமாக விரித்தெறிந்துகொண்டிருந்தார். பையன் அதைப் பார்த்து வாய்பிளந்து நின்றான். எனக்கோ அந்த வலையில் ஏறிய பிளாஸ்டிக் பைகளே கண்ணில் பட்டன. வாப்பாவின் டப்பாவிலிருந்த முள்ளொன்றைக் கட்டிக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் ஒரு ஜிலேபி மீன் சிக்கிற்று! ஆப்பிரிக்காவில் பிறந்து, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன், கழிவுநீரிலும் பிழைக்கும். முதல் மழையில் சாக்கடைகளின் கசடு அடித்துவரப்பட்டு நீரில் உயிர்வளி குன்றும்போது மடவைகள் கூட்டமாய்ச் செத்து மிதந்த காட்சியை இந்நகரம் ஒருமுறையன்று, பலமுறை கண்டிருக்கிறது.

"வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரிக்கலாமா?" என்றான் பையன்.

"விட்டுவிடு ராஜா" என்றேன்.

தங்கை மகன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

தூண்டில் ஆசையுள்ள பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருந்தால், சேத்துப்பட்டு ஏரிக்கு அழைத்துச் செல்லலாம். மீன்வளத் துறை அதைச் சீரமைத்து 2016இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தது. சென்னை மாகாண அதிகாரியாயிருந்த எச்.எஸ். தாமஸ் என்னும் ஆங்கிலேயர் ஏரி குளங்களில் தூண்டில் போடுவது பற்றியே 1887இல் தனி நூல் எழுதியிருக்கிறார் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

டிரவுட்டையே பார்க்கவேண்டுமானால் நீலகிரிக்குத்தான் ஏறவேண்டும். குளிர்ந்த, உயிர்வளி மிகுந்த நீரன்றி அம்மீன் வாழாது. 1860களில் டாக்டர் பிரான்சிஸ் டே அதைக் கொண்டுவர முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் வென்றார். ஊட்டியிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் அவலாஞ்சியில் 1907இல் அமைந்த பொரிப்பகம் அந்த வெற்றியின் சின்னம். நாங்கள் போன நாளில் மூடுபனி. கல்தொட்டியில் ஓடிய நீரில் கைவைத்த பையன், "டெஸ்ட் ஆறு மாதிரியே இருக்கு!" என்று கூவினான். அங்கே அனுமதியின்றித் தூண்டில் போடலாகாது. ஆதலால் பார்த்ததோடு திரும்பினோம். மழைக்காலத்தில் அங்கே போகாதீர்கள். நாட்டிலேயே பெருமழை கொட்டும் இடங்களுள் அதுவும் ஒன்று.

ஊருக்குப் புறப்பட்ட அன்று, வாப்பாவின் தகர டப்பாவைப் பையனிடம் கொடுத்தேன். துருப்பிடித்த முட்கள் பதினொன்று இருந்தன. விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள் என்று அவன் தகப்பன் அதைப் பெரிய பெட்டிக்குள், துணிகளுக்கிடையில் வைத்தான். போன வாரம் பையன் தொலைபேசியில் பேசினான். ஒரு முள்ளில் சேவலிறகு கட்டிவிட்டானாம். "முதல் மீனைச் சாப்பிடுவேன், பெரிய வாப்பா. ஒண்ணே ஒண்ணு. அத்தாகிட்டே கேட்டுட்டேன்" என்றான்.