ஒழுங்கை காட்டியவன்

இடது காதைத்தான் ரியூபுக்குப் பக்கத்தில் கொண்டுபோவான். வலது காது 2004 ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையோடு போய்விட்டது. மற்றக் கடைகளில் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கிக் குமிழி பார்ப்பார்கள். இவன் காற்றடித்த ரியூபைக் காதோரமாக மெல்லச் சுற்றி, ஓரிடத்தில் நிறுத்தி, பெருவிரலால் பொத்துவான். பிறகு தேய்ப்பு, சொலூசன் பூச்சு. பூசிய கையோடு ஒட்டமாட்டான். "காயவிட்டாத்தான் பிடிக்கும்" என்பான், வேலை பழகும் பொடியனிடம். பக்கத்துத் தேத்தண்ணிக் கடை வாங்கில் இருக்கும் எங்களோடு அந்தளவு பேச்சும் இல்லை.

கிரானைத் தாண்டி வாழைச்சேனைக்குப் போகும் வீதியோரம், தகரம் போட்ட கொட்டில். வீதிக்கு முதுகு காட்டி அவன் இருந்து நான் கண்டதில்லை. வான் எதுவும் வேகம் குறைத்தால் கை வேலையை விட்டுவிடும். வான் போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அவனைப் புலிகள் கொண்டுபோனது 2003இல், பன்னிரண்டு வயதில், கோயில் திருவிழா பார்த்துவிட்டு வரும் வழியில். போர்நிறுத்த ஒப்பந்தம் நடப்பிலிருந்த காலம். பதினேழு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கமாட்டோம் என்று ஐ.நா.வின் ஒலாரா ஒட்டுன்னுவிடம் புலிகள் வாக்குக் கொடுத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அந்த வாக்கு எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார். அடுத்த மாதம் வெருகலில் இயக்கத்தோடு இயக்கம் மோதியது. இரண்டு பக்கத்திலும் எங்கள் பிள்ளைகள். தோற்றதும் கருணா படையைக் கலைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீடு வந்தார்கள். பலரைத் தாய் தகப்பன்மாரே போய்க் கூட்டிவந்தார்கள். இவனைத் தாய்மாமன் சைக்கிள் பாரில் இருத்திக் கொண்டுவந்தார்.

இரண்டு வருடம் பள்ளிக்கூடம். 2006இல் கருணா அணி வந்து திரும்பவும் ஏற்றிக்கொண்டு போனது. அந்த நவம்பரில் இங்கு வந்துபோன ஐ.நா. ஆலோசகர் அலன் றொக், இந்தக் கடத்தலில் படையினர் சிலருக்கும் பங்குண்டு என்றார், அரசு மறுத்தது. அப்படியான நாளொன்றில்தான், பதினைந்து வயதில், துவக்கோடு தன் சொந்த ஊருக்கே வானில் வந்தான். சாரதிக்கு ஒழுங்கை தெரியாது. இவன் காட்டினான். மூன்றாவது வளவில் மாமியின் மகன் நித்திரையாக இருந்தான்.

2008 டிசம்பரில் யுனிசெப்பும் அரசும் கருணா அணியின் கட்சியும் ஒப்பமிட்ட பிறகு விடப்பட்டவர்களில் இவனும் ஒருவன். புனர்வாழ்வில் வயரிங் பழக்கி, சான்றிதழும் கொடுத்தார்கள். சோறு போடுவது என்னவோ மாமன் பழக்கிய சைக்கிள் வேலைதான். கருணா 2009 மார்ச்சில் தேசிய ஒருமைப்பாட்டுக்கும் நல்லிணக்கத்துக்கும் அமைச்சரானார். அவரிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் இந்தப் பொடியன்களிடம்தான்: திருந்திவிட்டாயா, நித்திரை வருகிறதா, கோபம் வருகிறதா.

முதல் வருடங்களில் காற்றடிக்கக்கூட இவனிடம் ஆள் நிற்காது. 2014இல் காணாமற்போனோரைத் தேடும் ஆணைக்குழு மட்டக்களப்பில் இருந்தபோது மாமி மகனின் படத்தோடு போனார். பின்னால் இவனும் பஸ் ஏறினான். வெளியே, வெயிலில், வரிசையில் நின்ற பெண்களுக்கு முன்னால் சொன்னானாம்: "மாமி, வழி காட்டினது நான்." கையிலிருந்த ஃபைலால் அவர் முகத்தில் அடித்தார். கடதாசிகள் நிலமெல்லாம் பறந்தன. இவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தான். வாங்கி அடுக்கிக்கொண்டே அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப எத்தின மணியிருக்கும்?"

மன்னித்துவிட்டார் என்று தேத்தண்ணிக் கடையில் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மகனைக் கடைசியாகக் கண்டவர்களில் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவன் இவன் ஒருவன். சந்தியில் இதைவிட நல்ல கடை இருக்கிறது. பேரனின் சைக்கிளை உருட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வருவது இவனிடம்தான்.

நேற்றும் வந்தார். முன் சில்லில் முள். இவன் கழற்றி, கேட்டு, ஒட்டி, பூட்டிக் கொடுத்தான்.

"எவ்வளவு?"

"வேணாம் மாமி."

"எவ்வளவெண்டு கேட்டன்."

"நூத்தம்பது."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, எண்ணி, அவன் கையில் கொடுக்காமல் கிறீஸ் ரின் மேல் வைத்தார். போகத் திரும்பியவர் நின்றார்.

"செருப்புப் போட்டிருந்தவனா?"

பொடியன் பம்பை நிறுத்திவிட்டான். இவன் கையைச் சாரத்தில் துடைத்தான்.

"ஒண்டுதான் மாமி. மற்றது வாசலில கழண்டு போச்சு."

"எந்தக் கால்?"

"வலது காலில கிடந்தது."

அவர் தலையாட்டினார். எனக்குத் தெரிந்து இந்தக் கேள்வி புதிதில்லை. மறுமொழியும் ஒருமுறைகூட மாறியதில்லை. சைக்கிளைப் பிடித்துக் கொடுக்கையில் இவன் சொன்னான்:

"பின் ரயர் தேஞ்சு போச்சு மாமி. வாற கிழமை மாத்தோணும்."

"செவ்வாய்க்கிழமை வாறன்" என்றார் மாமி.