காதில் ஊன்றிய ஸ்க்ரூடிரைவர்

மாமல்லபுரத்தில், ஐந்து ரதத்துக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. பட்டறைகளில் உளிச் சத்தமும் கிரைண்டர் சத்தமும் ஓயவில்லை. இத்தனை இரைச்சலிலும் ஒரு மெக்கானிக் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கார் கம்ப்ரசரில் ஊன்றி, பிடியைக் காதோரம் அழுத்தி, கண்ணை மூடிக் கேட்கிறார்.

"தம்பி, ஏசியை ஆஃப் பண்ணு."

"ஆஃப்லதாம்ப்பா இருக்கு," என்கிறான் பையன்.

தலையாட்டுகிறார். ஏசி ஓடாதபோதும் கரகரப்பு. இன்ஜின் ஓடும்வரை பெல்ட் ஓடும், பெல்ட்டோடு புல்லியும் சுற்றும். அதற்குள்ளிருக்கும் பேரிங்குக்கு ஓய்வே இல்லை. சுவிட்சைப் போட்டால்தான் காயில் காந்தமாகி, கிளட்ச் தட்டைப் புல்லியோடு ஒட்டவைத்துக் கம்ப்ரசரைச் சுழற்றும்.

வண்டி, மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2012இல் செய்த ஃபிகோ. அந்த ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எங்கோ ஒரு பட்டறையில் கம்ப்ரசரையே மாற்றச் சொன்னார்களாம். பேரிங் இருப்பதோ கேஸ் அடைபட்ட பாகத்துக்கு வெளியே. கேஸை இறக்காமலே மாற்றலாம். இதை அறிந்த கைகள் ஊருக்கு நாலு இருந்தால் எத்தனை கம்ப்ரசர்கள் காயலான் கடைக்குப் போகாமல் பிழைக்கும்!

ஜாக்கியை மட்டும் அவர் நம்பவில்லை. மரக்கட்டைகளை அடுக்கி, கழற்றிய சக்கரத்தையும் அடியில் தள்ளியிருக்கிறார். பேட்டரி வயரை எடுத்தாயிற்று. பெல்ட்டை நீக்கி, குழாய்களைப் பிரிக்காமலே கம்ப்ரசரைத் தாழ்த்திக் கயிற்றில் கட்டுகிறார். கிளட்ச் தட்டு வருகிறது. பின்னாலிருந்த மெல்லிய ஷிம் வளையங்கள் நேரே ஒரு டிபன் மூடிக்குள். உப்புக்காற்றில் துருவேறிய லாக் வளையம் அசையவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருக்கிறார், அடிக்கவில்லை.

புல்லி வெளியே வந்ததும் பையன் பேரிங்கைச் சுற்றிப் பார்க்கிறான். மணல் அரைபடுவதுபோல் நெருடுகிறது. கிரீஸ் வற்றிச் செம்புழுதியாகியிருக்கிறது.

புதியது ஃப்ரீசரிலிருந்து வருகிறது, குளிரில் ஒரு நூலிழை சுருங்கி. புல்லி வெயிலில் காய்கிறது. பழைய பேரிங்கின் வெளிவளையத்தை மேலே வைத்து, வைஸில் மெல்ல இறுக்குகிறார்.

"நடுவுல அழுத்தக் கூடாதாப்பா?"

"கூடாது. உள்வளையத்துல அழுத்துனா பால்ஸ் பாதையில பள்ளம் விழும். புதுசே கத்த ஆரம்பிச்சிடும்."

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. புல்லியைக் கம்ப்ரசர் மூக்கில் ஏற்றும்போது விதி தலைகீழாகிறது: இப்போது உள்வளையத்தில் மட்டுமே அழுத்தம். பையன் இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறான்.

தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஃபீலர் கேஜ் நுழைகிறது. இடைவெளி அரை மில்லிமீட்டருக்கு முன்பின் இருக்க வேண்டும். குறைந்தால் உரசும், கூடினால் காந்தம் இழுக்காது. ஒரு ஷிம்மை எடுத்துவிட்டு மறுபடி அளக்கிறார். மூன்று பக்கமும் அளக்கிறார்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியபின் இன்ஜின் ஓடுகிறது. ஸ்க்ரூடிரைவர் இப்போது பையன் காதில்.

"ஒண்ணும் கேக்கலப்பா."

"ஏசியைப் போடு."

டக்கென்று கிளட்ச் பிடிக்கிறது. போட்டும் அணைத்தும் பலமுறை பார்த்தபின் அவர் கையைத் துடைத்துக்கொள்கிறார்.

"சாயங்காலம் கல்பாக்கம் வரைக்கும் ஓட்டிட்டு வந்து, சூட்டோட இன்னொரு தரம் கேளு."