நட்சத்திரம் கட்டக் கூடாது என்ற வருஷம்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இரண்டு பெயர். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, ஞானஸ்நானத்துக்கு ஒன்று. சாதிச் சான்றிதழில் 'இந்து - ஆதிதிராவிடர்' என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவோம். செங்கல்பட்டுப் பக்கத்தில் எங்கள் சேரியில் பாதி வீடுகள் அப்படித்தான் என்பதால் சின்ன வயதில் இதில் எனக்கு விநோதம் எதுவும் தெரியவில்லை. அப்பாவைப் பெற்ற ஆயாவுக்கு மட்டும் ஒரே பெயர். பள்ளிக்கூடம் பக்கமே போகாததால் இரண்டாவது பெயருக்குத் தேவை வரவில்லை.

ஏன் இரண்டு பெயர் என்று கேட்கும் தோழர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதாவது எங்களை ஊருக்கு வெளியே வைத்த சாதிகளோடு ஒரே வரிசையில் நின்று போட்டி போட வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் எங்களுக்கு இல்லை. தலையில் தண்ணீர் ஊற்றியதும் சாதி கரைந்துவிட்டது என்பது அரசாங்கத்தின் கணக்கு. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்த கிறிஸ்தவர்களுக்கு நடுவே எழுப்பிய சுவருக்கு அந்தக் கணக்கு தெரியாது. எங்கள் ஊரில் சுவர்கூடத் தேவைப்படவில்லை. அவர்கள் கல்லறை கோயிலுக்குப் பின்னால், எங்கள் கல்லறை ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம்.

இருந்தாலும் கிறிஸ்துமஸ் எங்களுடையதுதான். டிசம்பர் முதல் வாரமே அப்பா மூங்கிலைப் பிளந்து நட்சத்திரம் கட்ட உட்கார்ந்துவிடுவார். மைதாப் பசை, சிவப்புக் கண்ணாடித்தாள், உள்ளே நாற்பது வாட் பல்பு. ஆயா கொட்டாங்குச்சியில் கேழ்வரகு விதைத்து முளைக்க வைப்பாள், குடிலில் வைக்க. அம்மா அதிரசத்துக்கு மாவு இடிக்கிற சத்தத்தில் தெருவே எழும். இருபத்து நாலாம் தேதி இரவு புதுத்துணியோடு கோயிலுக்குப் போய் எங்கள் ஆட்கள் எப்போதும் உட்காரும் இடது பக்கத்தில் உட்காருவோம். திரும்பி வரும்போது ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது எங்கள் வீட்டு நட்சத்திரம். சேரியிலேயே பெரியது அதுதான் என்று அப்பாவுக்குப் பெருமை.

2007 டிசம்பரில் அந்த நட்சத்திரம் கட்டப்படவில்லை.

அக்கா அரசு வேலைக்கான தேர்வில் தேறியிருந்தாள். எங்கள் குடும்பத்தில் அது வரை யாரும் அரசாங்கச் சம்பளம் வாங்கியதில்லை. சாதிச் சான்றிதழின் மெய்த்தன்மையை விசாரிக்க ஆள் வருவார்கள் என்று தாலுகா ஆபீஸில் பியூனாக இருந்த ஒருவர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். எந்தத் தேதி என்று அவருக்கும் தெரியாது.

அன்று இரவே அப்பா மாதா படத்தைச் சுவரிலிருந்து எடுத்தார். ஜெபமாலைகள், திருமண போட்டோ, எங்கள் புதுநன்மை போட்டோக்கள் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் போய், பெட்டி அத்தை வீட்டுக்குப் போனது. படம் இருந்த இடத்தில் சுவர் வெளுத்துத் தெரிந்ததால் மளிகைக் கடையில் கொடுத்த முருகன் காலண்டரை மாட்டினார். "இந்த வருஷம் நட்சத்திரம் கெடையாது, குடில் கெடையாது, பூசைக்கும் யாரும் போவ வேணாம்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அக்கா தலையைத் தூக்கவே இல்லை. ஆயா கேழ்வரகுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள், காது கேட்காதவள் மாதிரி.

இதுவரைக்கும் ஆயா பொறுத்துக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் கிளம்பினார். தாத்தாவின் குழிமேல் ஒரு சிமெண்டுச் சிலுவை இருந்தது, அவருடைய ஞானஸ்நானப் பெயரோடு. விசாரணைக்கு வருகிறவர்கள் கல்லறைவரை போய்ப் பார்ப்பார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். நானும் கூடப் போனேன். பதினெட்டு வயது, பிடுங்கியதைத் தூக்க ஆள் வேண்டுமே. நாங்கள் போனபோது ஆயா அங்கே எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், சிலுவையில் முதுகைச் சாய்த்தபடி.

"வேலைக்குப் போறது யாரு, உங்கப்பனா?" என்று கேட்டாள். அப்பா பேசவில்லை. "இந்த எடம்கூட கோயிலாண்ட குடுக்கல. ஏரித் தண்ணி ஏறுற எடத்துல போட்டோம். இதுலயும் பேரு இருக்கக் கூடாதா?"

அப்பா கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் ஆயா பரணிலிருந்து போன வருஷத்து நட்சத்திரத்தை இறக்கினாள். ஒரு மூலை எலி கடித்திருந்தது. கிழிந்த இடத்தில் ரேஷன் சர்க்கரை வாங்கிவந்த காகிதத்தை ஒட்டினாள். ஸ்டூல்மேல் ஏறி, எழுபது வயதுக்கு மேல், யார் கையையும் பிடிக்காமல் வாசலில் கட்டினாள். யாரும் தடுக்கவில்லை. யாரும் உதவவும் இல்லை. அன்று இரவு ஆயா தனியாகப் பூசைக்குப் போனாள். நாங்கள் நாலு பேரும் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். நட்சத்திரத்தின் சிவப்பு வெளிச்சம் ஜன்னல் வழியாக முருகன் காலண்டர்மேல் விழுந்துகொண்டிருந்தது. அம்மா இருட்டிலேயே ஆளுக்கு ஒரு அதிரசம் கொடுத்தாள்.

இருபத்தேழாம் தேதி அவர்கள் வந்தார்கள். இரண்டு பேர். நட்சத்திரம் அப்படியே இருந்தது. அவிழ்க்க எங்களுக்கு மூன்று நாள் இருந்தது, ஒருவரும் அவிழ்க்கவில்லை. அது ஏன் என்று நாங்கள் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை. வந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஆயாவிடம், "எப்பம்மா மதம் மாறுனீங்க?" என்றார். "எங்க மாறுனோம், அதே சேரியிலதான கெடக்குறோம்" என்றாள் ஆயா. அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "வேணாம்மா, இப்பத்தான் குடிச்சேன்" என்றார். மணி மதியம் இரண்டு. ஏரிக்கரைமேல் நடந்து வந்திருந்தார்கள், சட்டை நனைந்திருந்தது.

சான்றிதழ் ரத்தானது. பிற்படுத்தப்பட்டோர் கட்-ஆஃபுக்கு அக்காவின் மதிப்பெண் எட்டவில்லை. வேலை போனது.

அக்கா ஆயாவோடு இரண்டு வருஷம் பேசவில்லை. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே உலையில் சோறு. இதைப் படிக்கும் தோழர்கள் சிலர் ஆயாவைப் புரட்சிக்காரி என்பீர்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு, கூட்டங்களில் அப்படிப் பேசியும் இருக்கிறேன். ஆனால் அந்தப் புரட்சிக்குச் சம்பளத்தைக் கொடுத்தவள் அக்கா. அவளை யாரும் கேட்கவில்லை. எம்.ஏ. சமூகவியலில் மதமாற்றமும் சாதியும் பற்றி இருபது பக்கம் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதில் அக்காவைப் பற்றி ஒரு வரி இல்லை.

2024 நவம்பர் 26 அன்று புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குப் போய்க்கொண்டு, வேலைக்காக மட்டும் இந்து என்பது அரசமைப்பின் மீதான மோசடி என்றது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் எங்களையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதற்கு முந்தைய வருஷமே ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையமும் அமைத்திருந்தது. தீர்ப்பைப் படித்த அன்று அக்காவுக்கு போன் செய்தேன். அவள் இப்போது தனியார் பள்ளி ஒன்றில் பாடம் நடத்துகிறாள். "யாரு மோசடின்னு தெளிவாச் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, கேஸ் அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

ஆயா 2013இல் இறந்தாள். தாத்தாவுக்குப் பக்கத்தில், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் புதைத்தோம். சிலுவையில் பெயர் எழுதியது அக்கா, அவள் கையெழுத்து நன்றாக இருக்கும்.

இதை எழுதி முடித்ததும் அவளுக்குத்தான் முதலில் அனுப்பினேன். போடலாமா என்று கேட்டேன். ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது.

"போடு. பேரு போடாத. ஒண்ணு தப்பா எழுதியிருக்க. அந்த வருஷம் பல்பு நாப்பது வாட் இல்ல, அறுபது. பழசு ஃபியூஸ் போயிருந்துச்சு. ஆயா காசு குடுத்து என்னைத்தான் கடைக்கு அனுப்புச்சு."