ஒரு கரிமம் கூடினால்

மின்புலத்தில் இழை இழையாய் நூற்ற பாலிகேப்ரோலாக்டோன் சவ்வு. தொட்டால் மெல்லிய வெள்ளைத் துணி மாதிரி. ஒரு சொட்டு நீர் விட்டால் சேம்பிலையில் விட்டதுபோல உருண்டு நிற்கிறது. நீரே ஒட்டாத இடத்தில் செல் எப்படிக் குடியேறும்? டோபமின் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தால் சவ்வு பழுப்பேறுகிறது, சொட்டு பரவி இறங்கிவிடுகிறது. கடற்பாறையில் மட்டி ஒட்டும் விதத்தைப் பார்த்துச் செய்த பூச்சு, 2007-ல் வெளிவந்தது.

*

ஆட்டுக்கால் சுத்தம் செய்தவர்களுக்குத் தெரியும், எலும்போடு ஒட்டிக்கொண்டு உரிய மறுக்கும் அந்த வெண்தோல். எலும்பு கூடுவதற்கான ஸ்டெம் செல்கள் அதிலும் இருக்கின்றன. குழந்தைகளுக்கு அது தடிமன். எலும்பு சீக்கிரம் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அது கிழிந்துபோன இடத்துக்குத்தான் நாம் சவ்வு தேடுகிறோம்.

*

பி.எம்.பி-2: ஸ்டெம் செல்லை எலும்புச் செல்லாக மாறச் சொல்லும் புரதம். அமெரிக்காவில் 2002 முதல் முதுகெலும்பு அறுவையில், கொலாஜன் பஞ்சில் நனைத்து வைக்கிறார்கள். பஞ்சில் நிற்காமல் கசிகிறது, அதனால் மில்லிகிராம் கணக்கில் ஊற்ற வேண்டியிருக்கிறது. கழுத்தில் வைத்த சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சு முட்டியது. 2008-ல் அரசு எச்சரித்தது. மருந்தில் குறையில்லை. அதைப் பிடித்துவைக்க ஆளில்லை.

*

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தது இது. பாலி மெத்தில் அக்ரிலேட், பாலி எத்தில் அக்ரிலேட்: இரண்டுக்கும் பக்கக் கிளையில் ஒரே ஒரு கரிமம்தான் வித்தியாசம். ரத்தத்தில் ஓடும் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதம், முன்னதன்மேல் விழுந்தால் நூல்கண்டாய்ச் சுருண்டே கிடக்கிறது. பின்னதன்மேல் விழுந்தால் தானாகப் பிரிந்து வலையாகிறது! வலையானதும் அதன் இரண்டு இடங்கள் வெளியே தெரிகின்றன: செல் பற்றிக்கொள்ள ஒன்று, அதை ஒட்டியே பி.எம்.பி-2 உட்கார இன்னொன்று. பற்றிய கைக்கருகிலேயே செய்தி இருப்பதால் கொஞ்சம் மருந்தே போதுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் நிறைகிறது. பாலி எத்தில் அக்ரிலேட் என்ற இந்தப் பாலிமர் உடலில் கரையாது. ஆகவே கரையக்கூடிய சட்டத்தின்மேல் நானோமீட்டர் கனத்துக்குப் பூசுகிறார்கள்.

*

ஈவா. காரில் அடிபட்ட நாய், சிகிச்சை அதே கிளாஸ்கோவில். முன்னங்காலில் எலும்பு கூடவில்லை, கிருமியும் ஏறிவிட்டது. காலை எடுத்துவிடும் நிலை. எலும்புத் துகள்களோடு இந்தப் பாலிமரும் பி.எம்.பி-2-ம் சேர்த்து வைத்தார்கள். சில வாரங்களில் இடைவெளி மூடியது. 2017-ல் வந்த செய்தி.

ஆராய்ச்சிக்குப் பணம் தந்தது, கண்ணிவெடிகளின் கேட்டைக் குறைக்கக் கால்பந்து வீரர் பாபி சார்ல்டன் தொடங்கிய அறக்கட்டளை. வெடியில் சிதறிய எலும்பில் மண்ணும் கிருமியும் சேர்ந்தே இருக்கும். ஈவாவின் காலும் சுத்தமான ஆய்வக எலும்பாக இருக்கவில்லை. அதனால்தான் அவளைக் குறித்துவைத்தேன்.