பால்மரம் சிவக்கும் சாலை

மலேசியாவில் இலையுதிர் காலம் கிடையாது என்று பள்ளியில் படித்தோம். வெயில், மழை, அவ்வளவுதான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். பொங்கல் முடிந்து, தைப்பூசக் காவடிகளும் இறங்கிய பிறகு பால்மரம் இலையைக் கொட்டத் தொடங்கும். பச்சை முதலில் மஞ்சளாகும், பிறகு ஆரஞ்சு, பிறகு செம்பு நிறம். சில வாரங்களில் நிரை நிரையாக மொட்டை மரங்கள் நிற்கும். கீழே நடந்தால் சருகு நொறுங்கும். மார்ச் வாக்கில் வெண்கல நிறத்தில் தளிர் விட்டு மறுபடியும் பச்சைக்குத் திரும்பிவிடும்.

அமெரிக்காவில் புளூ ரிட்ஜ் பார்க்வே என்று 755 கிலோமீட்டர் மலைச்சாலை ஒன்று இருக்கிறது. அக்டோபரில் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க, ஓய்வு பெற்றவர்கள் பெரிய பெரிய மோட்டார்களில் அங்கே கிளம்பிப் போகிறார்கள். கோலாலம்பூரிலிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் வீடு திரும்பிவிடக்கூடிய தூரத்தில் நமக்கும் அப்படியொரு சாலை உண்டு. எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர் என் அப்பா. அவரிடம் இருப்பது பெரிய மோட்டார் இல்லை, பழைய ஹோண்டா ஈஎக்ஸ்5. நாசி லெமாக் வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் நம் வீடுகளில் வைத்திருக்கிறோமே, அதே காப்சாய்தான்.

நான் வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவள். ஒருமுறை, "ஓய்வு பெற்ற மறுநாள் காலை என்ன செய்தீர்கள்?" என்று நேயர்களைக் கேட்டோம். வழக்கம்போல ஐந்து மணிக்கே எழுந்து, சீருடையைத் தேய்த்து மாட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது என்றார் ஓர் ஐயா. அவர் ஓய்வு பெற்றதிலிருந்து எனக்குத்தான் ஓய்வு போய்விட்டது என்றார் ஓர் அம்மா. தனியாக மோட்டார் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை 1 முதல் 60 ஆனதால், அதற்கு முந்தியவர்களைப்போல 55-இல் வீட்டுக்கு வராமல் 60 வரைக்கும் வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை காலை, "சும்மா ஒரு ரவுண்டு" என்று கிளம்பினார். மாலை ஐந்து மணிக்குத்தான் வந்தார். உலு லங்காட் வழியாக மலையேறி, நெகிரி செம்பிலானில் இறங்கி, சிரம்பான் போய்த் திரும்பியிருக்கிறார். அம்மா அன்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

எங்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. இந்த நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார்சைக்கிளில் போனவர்கள். கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலேயே மோட்டாருக்கென்று தனித் தடம் போட்டார்கள். இப்படி ஒரு தடம் வந்ததில் உலகத்துக்கே முன்னோடி நாம்தான். இன்றும் அதன் சின்னச் சின்னச் சுரங்கங்களில் மழைத்தண்ணீர் நிற்கிறது. மழை பிடித்தால் பாலத்துக்கு அடியில் வரிசையாக நிற்கும் நூறு மோட்டார்களைப் பார்க்காத கிள்ளான்வாசி இல்லை. மோட்டாரை விற்றுவிட்டு ஒரு ஆட்டோ கார் வாங்கித் தருகிறேன் என்றான் தம்பி. நானும் பின்னால் உட்கார்ந்து வருகிறேன் என்றேன் நான்.

அப்பா ஒன்றுக்கும் மசியவில்லை. "நீ வந்தா உனக்குப் பசிக்குதா, இடுப்பு வலிக்குதான்னு உன்னையே பாத்துக்கிட்டு வரணும். நான் மரத்தப் பாக்கணும்மா" என்றார். கடைசியில் ஓர் உடன்பாடு: உலு லங்காட்டில் ஒரு ஃபோன், குவாலா கிளாவாங்கில் ஒரு ஃபோன், சிரம்பானில் ஒரு ஃபோன். இன்றுவரை ஒன்றையும் தவறவிட்டதில்லை.

டெட் சைமன் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் 1973-இல் லண்டனிலிருந்து ஒரு டிரையம்ப் மோட்டாரில் தனியாகக் கிளம்பி, நான்கு ஆண்டுகள் உலகத்தைச் சுற்றினார். இந்தியாவுக்கும் நம் நாட்டுக்கும்கூட வந்திருக்கிறார். 2001-இல், 69 வயதில், அதே பயணத்தை மறுபடியும் தொடங்கினார். இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். "அவருக்கு வீட்டுல ஆள் இல்லையா?" என்று கேட்டது அம்மா.

மரத்தில் அப்படி என்ன பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் கேட்டேன். அப்பா சிரம்பான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் பிறந்தவர். பாட்டி பால்மரம் வெட்டியவர். இலை கொட்டும் மாதங்களில் மரத்தில் பால் குறைந்துவிடும். மரம் தன் சத்தையெல்லாம் புதுத் தளிருக்குக் கொடுக்கிறது, பட்டையில் ஊறுவது கொஞ்சம்தான். மங்கு அரைகுறையாக நிற்கும், வாளி கனக்காது, பால் ஸ்டோரில் நிறுவையும் ஏறாது. பாலின் எடையை நம்பியிருந்த குடும்பத்துக்கு அந்த இரண்டு மூன்று மாதம் எப்படி இருந்திருக்கும்? பாட்டியின் தோடு ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் சிரம்பான் அடகுக் கடைக்குப் போய், தீபாவளிக்கு முன்னால் திரும்பி வருமாம்.

"அந்த நேரத்துல அண்ணாந்து பாத்தா வயிறுதான் கலங்கும். செவப்பா இருக்கு, அழகா இருக்குன்னு யாரு பாத்தா? இப்பத்தான் பாக்குறேன்."

அதைக் கேட்ட அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் தனியாகக் கிளம்பினேன்.

நான் இருப்பது பிரிக்பீல்ட்ஸ். காலை ஆறரைக்கு ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடைகள் விழித்துவிட்டன, மல்லிகை வாசத்தோடு வண்டிப் புகையும் கலந்து வருகிறது. அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்தவருக்கும் இந்தப் பயணத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக் கைகழுவிய காலத்தில், தொழிலாளர்கள் தெருவில் நிற்கக் கூடாதென்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் துன் வீ.தி. சம்பந்தன். பால் வெட்டிய கைகளிடமிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அப்பா பிறந்த தோட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே இப்போது வீடமைப்புப் பகுதி.

செராஸ் நெரிசலைத் தாண்டி ஒன்பதாங்கட்டையில் உலு லங்காட் சாலையைப் பிடித்தால் நகரம் மெல்லப் பின்வாங்குகிறது. பதினான்காம் கட்டை, பதினெட்டாம் கட்டை என்று பழைய மைல்கல் கணக்கே இங்கு ஊர்ப்பெயர். எண்ணெயை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஒட்டுக்கடையில் ஒரு தே தாரேக்கும் குடித்துவிடலாம். அதன் பிறகு கெந்திங் பெராஸ் மலைச்சாலை தொடங்குகிறது. வளைவுக்கு மேல் வளைவு. சைக்கிள்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறார்கள். இரு பக்கமும் மூங்கில், பெரணி, பெயர் தெரியாத பெருமரங்கள். காப்சாய் மூன்றாவது கியரில் முனகிக்கொண்டே ஏறியது. கைப்பேசியில் கோடு ஒன்றுகூட இல்லை. அப்பாவின் முதல் ஃபோன் உலு லங்காட்டிலேயே ஏன் வந்துவிடுகிறது என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

இந்தக் காடு எப்போதும் பச்சைதான். சிவப்பைப் பார்க்க மலையைக் கடந்து ஜெலுபு பக்கம் இறங்க வேண்டும். மாநில எல்லையைத் தாண்டிக் கீழே போகப்போகக் காட்டு மரங்கள் விலகி, ஒழுங்கான வரிசைகள் தெரிய ஆரம்பிக்கின்றன. தித்தி வட்டாரத்திலும் அதற்கப்பாலும் பெரிய தோட்டங்களைவிடச் சிறுதோட்டங்களே கண்ணில் படுகின்றன. ஒரு வளைவைத் திரும்பியதும் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். சாலையின் இடப்பக்கச் சரிவு முழுக்கச் செம்பும் மஞ்சளும். காலை வெயில் இலைகளுக்குப் பின்னாலிருந்து வந்ததால் ஒவ்வொன்றும் எரிவதுபோல் இருந்தது. காற்று அடித்தபோது மூன்று மூன்றாகச் சேர்ந்த இலைகள் சுழன்று சுழன்று தார்ச்சாலையில் விழுந்தன. வலப்பக்கத்து மரங்கள் ஏற்கெனவே மொட்டை. கிளைகளுக்கு நடுவே அவ்வளவு வானத்தை நான் இந்த நாட்டில் பார்த்ததில்லை.

உள்ளே ஒரு மலாய் மாக்சிக், மங்குகளில் உறைந்து கிடந்த கட்டிப்பாலைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது பால் கொஞ்சம்தான், வீட்டில் சும்மா உட்கார முடியாமல் வந்தேன் என்றார். தனியாகவா வந்தாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரப்பர் மரத்தைப் பார்க்கவா என்று மறுபடியும் கேட்டார். அதற்கும் ஆமாம் என்றதும் சிரித்துவிட்டுச் சாக்கைத் தூக்கினார். ஒரு கை பிடித்து அவருடைய மோட்டாரில் ஏற்றிவிட்டேன். கட்டிப்பால் நாற்றம் கையில் ஏறிக்கொண்டது. குவாலா கிளாவாங்கில் சோப்பு போட்டுக் கழுவியும் போகவில்லை. அப்பா சின்ன வயதில் பாட்டியிடம் வந்த வாசம் என்று சொல்வது இதுதானா?

குவாலா கிளாவாங் அமைதியான சின்ன ஊர். நெகிரி செம்பிலானின் அடாட் மரபுகளைச் சொல்லும் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. காரம் தாங்குபவர்கள் மாசாக் லெமாக் சிலி அப்பி சாப்பிடாமல் வரக் கூடாது. அங்கிருந்து புக்கிட் தங்கா மலைவளைவுகள் வழியாகச் சிரம்பான் சுமார் 40 கிலோமீட்டர். சிரம்பானுக்குப் பிறகு நெடுஞ்சாலை, மோட்டாருக்குச் சுங்கக் கட்டணம் இல்லை, ஒரு வெள்ளிகூடக் கட்டாமல் வீடு வந்து சேரலாம். அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

கிள்ளானில் வளர்ந்த எனக்கு இது ஏன் இத்தனை நாள் தெரியாமல் போனது? காரணம் செம்பனை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தென்னமாரத்தில், எங்கள் ஊருக்கு வடக்கே கோலசிலாங்கூர் பக்கம்தான் உருவானது. பிற்பாடு ரப்பர் நின்ற இடங்களில் எல்லாம் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பருவம் தெரியாது. ஜனவரியிலும் ஜூலையிலும் ஒரே பச்சை. மரம் மாறியபோது எங்கள் வட்டாரத்திலிருந்து ஒரு பருவமே காணாமல் போயிருக்கிறது. மிச்சம் இருந்ததை வீடுகள் எடுத்துக்கொண்டன. சுங்கை பூலோவில் ரப்பர் ஆய்வுக் கழகம் வைத்திருந்த சோதனைத் தோட்டத்தில் 2,300 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இன்று குவாசா டாமன்சாரா என்ற புதுநகரமாகிக்கொண்டிருக்கிறது. அதைக் கட்டுவது நம் ஓய்வுக்காலப் பணத்தை வைத்திருக்கும் இபிஎஃப்பின் துணை நிறுவனம். எம்ஆர்டி ரயிலில் அந்த நிலையத்தைக் கடக்கும்போது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, "என் காசும் இதுல இருக்கு" என்பார். பெருமையாகச் சொல்கிறாரா, வேறெப்படியுமா என்று கண்டுபிடிக்க முடியாது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம்வரை நல்ல நேரம், ஆனால் மழையைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு முன்பின் ஆகும். வாரநாளில் போங்கள், ஞாயிறு காலைகளில் பெராஸ் வளைவுகளைப் பெரிய மோட்டார்க்காரர்கள் பந்தயத் திடலாக்கிவிடுகிறார்கள். நனைந்த சருகில் டயர் வழுக்கும். மார்ச் கடைசியில் பிற்பகல் இடிமழை தொடங்கிவிடுவதால் இரண்டு மணிக்குள் புக்கிட் தங்காவைத் தாண்டிவிடுவது நல்லது. வீட்டில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சாவியை எடுத்தால், கண்ணையும் பிரேக்கையும் பரிசோதித்து அனுப்புங்கள். பின்னால் ஏறி உட்காராதீர்கள்.

நான் திரும்பி வந்த அன்று இரவு அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "விதை வெடிக்கிற சத்தம் கேட்டுச்சா?" இல்லை என்றேன். அதற்கு ஆகஸ்டு, செப்டம்பரில் போக வேண்டுமாம். காய் படீரென்று வெடித்து விதை தூரப் போய் விழுமாம். அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி, பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைப்பதுதான் அவர்கள் காலத்து விளையாட்டு.

அப்பாவின் அடுத்த திட்டம் குவாலா கங்சார். 1877-இல் நட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்று அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. பழைய ஈப்போ சாலையிலேயே போய், ஓர் இரவு தங்கி வருவாராம். இந்த முறை ஐந்து ஃபோன் என்று அம்மா கணக்குப் போட்டிருக்கிறது. ஈஎக்ஸ்5-க்கு இரண்டு புது டயரும் போட்டாகிவிட்டது.