வெட்கம் திருடனுக்குத் துணை

தம்பிகளே, தங்கைகளே, வங்கி கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் சொல்கிறேன். ஏமாந்து பணத்தை விட்டவர்கள் அதைத் திரும்பப் பார்க்காமல் போவதற்குப் பெரிய காரணம், 'வீட்டுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்களோ' என்று அவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்த நேரம்தான்.

பகுதிநேர வேலை என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி, அக்கா கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை அனுப்பிவிட்டான் ஒரு பையன். நான்காம் நாள் வந்தான். போனைக் கவுண்டர் மேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் பேசினான். அதற்குள் பணம் நாலைந்து கணக்கு மாறி, ஏடிஎம் வழியாக வெளியே போய்விட்டிருந்தது.

மோசடிக்காரன் கைக்குப் போன பணம் ஒரே கணக்கில் தங்காது. கமிஷனுக்கு ஆசைப்பட்டுக் கணக்கை இரவல் கொடுத்தவர்கள் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்தால், ஓடுகிற வழியில் மிச்சம் இருப்பதை முடக்க முடியும். பணம் போன நேரம், தொகை, யுபிஐ ரசீதில் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். முடக்கிய பணம் சட்ட நடைமுறைப்படி திரும்பி வரும். அதற்குப் பொறுமை வேண்டும்.

'ஓடிபி-யை நானே சொல்லிவிட்டேனே' என்று தயங்காதீர்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, அப்படிச் சொன்னவராக இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் அனுமதியில்லாப் பரிவர்த்தனைக்கு வங்கிதான் பொறுப்பு. தப்பு உங்கள் மேலும் இல்லை, வங்கி மேலும் இல்லை என்றால், வங்கியிலிருந்து தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமே இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று ஒருவன் வருவான். அவன் இரண்டாவது திருடன். 1930-க்குச் சொல்லக் காசு வேண்டாம். புகார் கொடுக்கவும் கட்டணம் கிடையாது.

நாளை உங்கள் அப்பாவோ அம்மாவோ பணத்தைத் தொலைத்துவிட்டு வந்து நின்றால், 'எப்படி ஏமாந்தீங்க?' என்று கேட்காதீர்கள். முதலில் 1930-ஐ அழைத்துப் போனை அவர்கள் கையில் கொடுங்கள். கேள்விகளைப் பிறகு கேட்கலாம்.