மாவள்ளிப் பந்தி

பெங்களூர் நகரைக் காணச் செல்வோர் லால்பாகு தோட்டத்தைக் காணாது திரும்புவதில்லை. 1760ஆம் ஆண்டில் ஹைதர் அலி தொடங்கிவைக்க, அவர் மைந்தர் திப்பு சுல்தான் விரிவாக்கிய தோட்டம் அது. 1889ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகை அதன் நடுவே நிற்கிறது. ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழைமை உடையது என்று நிலவியலார் கூறும் பாறைக் குன்றும், அதன் முடியில் கெம்பே கௌடரின் பெயரால் விளங்கும் சிறு கோபுரமும் அங்கு உள்ளன. விடியற்காலையில் நூற்றுக்கணக்கானோர் அங்கே நடைபயில்கின்றனர். நடை முடிந்ததும் அவர்களுள் பலர் தோட்டத்தின் அருகிலுள்ள ஒரு பழைய கட்டடத்தை நோக்கிச் செல்கின்றனர். அதுவே மாவள்ளி டிபன் ரூம்ஸ். நகரத்தார் நாவில் அது எம்.டி.ஆர்.

மாவள்ளி என்பது அப்பகுதியின் பெயர். உடுப்பிக்கு அருகிலுள்ள பாரம்பள்ளி என்னும் ஊரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த மையா சகோதரர்கள் 1924ஆம் ஆண்டில் தொடங்கிய சிற்றுண்டிச்சாலை இது. நூறாண்டைக் கடந்தும் அதன் வாயிலில் கூட்டம் குறையவில்லை. ஆயினும் அங்கு உண்டு வந்த பத்துப் பேரை வினவினால் பத்து விதமான தீர்ப்பு கிடைக்கும். இதற்கு நிகர் இல்லை என்பார் ஒருவர். இதற்கா இத்தனை புகழ் என்பார் மற்றொருவர். ஒரே அடுப்பு, ஒரே கரண்டி, ஒரே நாள். தீர்ப்பு மட்டும் ஏன் இவ்வாறு வேறுபடுகிறது? இதனை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு ஒரு பயணத்தில் கிட்டியது.

சேலத்திலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாகச் செல்லும் இரயிலில் இரண்டு குடும்பத்தாராக நாங்கள் எட்டுப் பேர் சென்றிருந்தோம். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியப்பா எங்களுக்குத் தலைவர். அவருடைய துணைவியார், அத்தை, தம்பியும் அவன் மனைவியும், பிள்ளைகள் இருவர் என்று வயதும் விருப்பமும் வெவ்வேறான கூட்டம் அது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லால்பாகைச் சுற்றிவிட்டு மாவள்ளிக்குச் சென்றோம்.

அங்கே உள்ளே நுழைந்தவுடன் இலை போட்டு அமர்த்திவிடுவார்கள் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. பெயரைச் சொல்லிவிட்டு, முறை வரும்வரை காத்திருப்பது ஊரறிந்த வழக்கம். பேரப் பிள்ளைகளோடு வந்த முதியோரும், கல்லூரி மாணவரும், புதிதாக மணமானவரும், அயல்நாட்டாரும் ஒன்றாக அமர்ந்து காத்திருக்கின்றனர். அழைக்கப்படுவோர் எழுந்து செல்ல, மற்றவர் சற்று நகர்ந்து அமர்கின்றனர். முந்திச் செல்ல முயல்வோரை நாங்கள் காணவில்லை. பெரியப்பாவுக்கு இவ்வொழுங்கு மிகவும் பிடித்துவிட்டது. "பயணச் சீட்டு வாங்கும் இடத்தில் இப்படி நின்றிருந்தால் எங்கள் வேலை எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்!" என்றார். அத்தையின் எண்ணம் வேறு. "பசித்த பின் சோறு போடுவதுதானே உண்டிச்சாலை? பசியைக் காக்கவைப்பது என்ன முறை, அண்ணா?" என்றார்.

முறை வந்தது. எட்டுப் பேருக்கும் ஒரே மேசை கிடைக்கும் அளவுக்கு இடம் காலியாகவில்லை. ஆகவே நால்வர் ஒரு மேசையிலும், மற்றவர் வேறு இரு மேசைகளில் முன்பின் அறியாதவர்களோடும் அமர்ந்தோம். ரவை இட்டிலி வந்தது. ஆவி பறக்கும் இட்டிலியின் தலையில் முந்திரிப் பருப்பு. பக்கத்தில் உருளைக்கிழங்குச் சாகு, கொத்துமல்லித் துவையல், உருக்கிய நெய். பின்னர் மொறுமொறுப்பான தோசையும், சாம்பாரும், காப்பியும் வந்தன.

தீர்ப்புகளும் உடனே வந்தன. கன்னட நாட்டுச் சாம்பாரில் வெல்லம் சேர்ப்பது வழக்கமன்றோ? "இது பாயசத்துக்குத் தம்பி" என்று அத்தை கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். இளைய பிள்ளையோ அக்கிண்ணத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நெய்யின் மணம் தம்பிக்குப் பேரின்பம். மருத்துவர் நெய்யை விலக்கிய பெரியப்பாவுக்கு அதுவே பெரும் சோதனை. பெரியம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நெடுங்காலத்துக்குப் பின் தாம் எழுந்து பரிமாறாமல் உண்ட காலைச் சிற்றுண்டி என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஒவ்வொருவரும் தம் இல்லத்து அடுப்பையே அளவுகோலாகக் கொண்டு வருகின்றனர். புளிப்பு மிகுந்த சாம்பாரில் வளர்ந்த நாவுக்கு இனிப்புக் குறை. இனிப்பில் வளர்ந்த நாவுக்குப் புளிப்புக் குறை. இவை சமையலின் பிழைகள் அல்ல, ஊரின் இயல்புகள். பயணம் செய்வோர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். அயலூருக்குச் சென்று நம் வீட்டுச் சாம்பாரைத் தேடுவதானால் வீட்டிலேயே இருந்துவிடலாம் அன்றோ?

அந்த ரவை இட்டிலிக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் கைப்பட்டபின், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அரிசிப் பஞ்சம் நிலவிய அந்நாளில், ரவையைத் தாளித்துத் தயிரில் கலந்து இட்டிலியாக்கிப் பார்த்தவர்கள் தாங்களே என்று மாவள்ளியார் கூறுவர். பற்றாக்குறையில் பிறந்த பண்டம் இன்று விருந்தாக விளங்குகிறது.

சுவையை விட்டு வேறொன்றைக் கூறுவோம். அறியாதவர் எதிரில் அமர்ந்து உண்பது தம்பியின் மனைவிக்குக் கூச்சமாக இருந்தது. குடும்பத்தோடு வந்தும் பிரிந்து அமர நேர்கிறதே என்று குறைபடுவோர் பலர் உண்டு. அவர்கள் மனநிலையை நாங்கள் குறைகூறவில்லை. ஆனால் பின்னோக்கிப் பார்த்தால் அந்த மேசையின் பொருள் வேறாகத் தோன்றுகிறது.

இவ்வுண்டிச்சாலை தொடங்கிய நாளில் அதன் பெயர் பிராமணர் காப்பி கிளப். அக்காலத்தில் தென்னாட்டு உண்டிச்சாலைகள் பலவற்றின் பெயர்ப்பலகையிலேயே சாதி இருந்தது. இன்னாருக்கு இவ்விடம், இன்னாருக்கு வெளியிடம் என்று பிரித்துப் பரிமாறிய விடுதிகளைப் பற்றி நம் பாட்டன்மார் கூறக் கேட்டிருக்கிறோம். காசு கொடுத்தும் உள்ளே அமர இயலாமல் திண்ணையோரம் காப்பி குடித்து, குவளையைத் தாமே கழுவி வைத்தவர் எத்தனை பேர்! சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உண்டிச்சாலையின் பலகையிலிருந்த சாதிப் பெயரை எதிர்த்துப் பெரியார் 1957ஆம் ஆண்டில் கிளர்ச்சி நடத்தினார். 1950ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் சாதி, சமயம், இனம், பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் தடுத்தல் ஆகாது என்று தெளிவாக உரைக்கிறது. உணவு விடுதி என்ற சொல்லே சட்டத்தில் இடம்பெறுமளவுக்கு அந்தக் காயம் ஆழமாக இருந்தது.

1960ஆம் ஆண்டில் இப்போதைய கட்டடத்துக்கு மாறியபோது மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்ற பெயரே நிலைத்தது. இன்று அங்கே எதிரில் அமர்பவர் யார், எவ்வினத்தவர், எச்சமயத்தவர் என்று கேட்பாரில்லை. எங்கள் பெரியப்பாவின் எதிரில் அமர்ந்திருந்தவர் ஒரு கன்னட முதியவர். மொழி அறியாத இருவரும் நெய்க் கிண்ணத்தைச் சுட்டிக்காட்டிச் சைகையால் பேசிக்கொண்டனர். அவருக்கும் மருத்துவர் தடை விதித்திருந்தாராம்! நம் பாட்டன்மாருக்குக் கிட்டாத பந்தி அது. கூச்சம் தரும் அந்த மேசையைப் பெறுவதற்கு ஒரு தலைமுறை போராடியிருக்கிறது.

அன்று மாலை நேர்ந்த மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்லுதல் வேண்டும். நகரின் வேறொரு பகுதியில், மக்கள் மொய்க்கும் ஓர் உணவு விடுதிக்குச் சென்றோம். அதன் பெயர் இங்கு வேண்டாம். காத்திருக்க வேண்டியதில்லை, வாயிலிலேயே வணக்கம், குடும்பத்தாருக்கென்று தனி இடம், விலையும் மலிவு. அத்தை முகம் மலர்ந்தார். "இதுதான் விடுதி!" என்றார். தேங்காய்த் துவையல் சற்றே புளித்திருப்பதாகப் பெரியம்மா கூறினார். பேச்சின் நடுவே அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. அன்றிரவு இளைய பிள்ளைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. விடியும்வரை உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் புகட்டிக்கொண்டு விழித்திருந்தோம். காலையில் மருத்துவரைக் கண்ட பின்னரே பிள்ளை கண்ணயர்ந்தான்.

சண்டையிடுவதற்காக அன்றி, மற்றவர்க்கும் இவ்வாறு நேரக் கூடாதே என்பதற்காகத் தம்பி அவ்விடுதி மேலாளரிடம் சென்று செய்தியைத் தெரிவித்தான். "நேற்று ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள். உங்கள் பிள்ளைக்கு மட்டும்தான் ஆயிற்றா?" என்பது கிடைத்த விடை. முந்திய நாள் வணக்கம் சொன்ன அதே வாய்தான். சமையலறையைச் சற்றுப் பார்க்கலாமா என்று தம்பி கேட்டான். "வெளியார் போகக் கூடாது" என்று மறுத்துவிட்டனர்.

மாவள்ளியின் பெருமை எங்கே உள்ளது என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. சகோதரருள் ஒருவரான யக்ஞநாராயண மையா 1951ஆம் ஆண்டில் ஐரோப்பா சென்றார். அங்குள்ள உணவு விடுதிகளின் தூய்மையையும் ஒழுங்கையும் கண்டு திரும்பிய அவர், பாத்திரங்களையும் குவளைகளையும் நீராவியால் தூய்மை செய்யும் முறையைத் தம் விடுதியில் புகுத்தினார். உண்ண வருவோர் சமையலறையைக் கண்டு செல்லும் வழக்கத்தையும் ஏற்படுத்தினார் என்பர். கதவைத் திறந்து வைப்பவன் உள்ளே தூய்மையாக இருந்தே தீர வேண்டும். ஆயிரம் வணக்கத்தைவிட அந்தத் திறந்த கதவே விருந்தினர்க்குச் செய்யும் மரியாதை.

விலையைப் பற்றியும் ஒரு சொல். மாவள்ளியில் விலை கூடுதல் என்பாரும் உண்டு. 1975ஆம் ஆண்டில் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது, உணவு விடுதிகள் அரசு குறித்த மலிவான விலையிலேயே விற்க வேண்டும் என்ற ஆணை பிறந்தது. அவ்விலைக்கு ஏற்றவாறு நெய்யைக் குறைத்தும் மலிவான சரக்கைக் கலந்தும் சமாளித்திருக்கலாம், கேட்பார் இல்லை. மாவள்ளியார் அவ்வாறு செய்ய மனம் ஒப்பவில்லை. நட்டத்தில் விற்றனர். அன்றன்று நேர்ந்த நட்டத்தைப் பலகையில் எழுதி வாயிலில் வைத்தனர் என்று நகரத்தார் இன்றும் கூறுவர். இனி இயலாது என்ற நிலையில் உண்டிச்சாலையை மூடினர், தரத்தைத் தாழ்த்தவில்லை. ரவை இட்டிலிக்கான மாவு போன்ற கலவைகளைப் பொட்டலங்களாகக் கட்டி விற்கும் தொழிலில் அக்காலத்தில் முழு மூச்சாக இறங்கினர். சில ஆண்டுகளுக்குப் பின் உண்டிச்சாலை மீண்டும் திறக்கப்பட்டது. பொட்டலத் தொழிலை 2007ஆம் ஆண்டில் நார்வே நாட்டு நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. உண்டிச்சாலையோ மையா குடும்பத்தாரிடமே உள்ளது.

மலிவாக வேண்டும், விரைவாக வேண்டும், சுவையாகவும் தூய்மையாகவும் வேண்டும் என்று நாம் எல்லாவற்றையும் ஒருங்கே கேட்கிறோம். ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க நேரும்போது எதனை விட்டுக்கொடுப்பது? சுவையை விட்டுக்கொடுக்கலாம், அது நாவுக்கு நாவு மாறும். விரைவையும் புன்னகையையும் கூட விட்டுக்கொடுக்கலாம். தூய்மையையும் நேர்மையையும் விட்டுக்கொடுத்தல் ஆகாது. அவற்றின் விலையைப் பிள்ளையின் உடல் கொடுக்கிறது.

குடும்பத்தோடு வெளியில் உண்ணச் செல்லும் பெற்றோர் சிலவற்றை நினைவில் கொள்வது நன்று. சுவை பிடிக்கவில்லையெனில் அந்த இடத்தைத் தூற்ற வேண்டியதில்லை. அது நம் நாவுக்கு ஏற்றதன்று, அவ்வளவே. கெட்டுப்போன உணவாயின் கூச்சப்படாமல் அங்கேயே உரியவரிடம் எடுத்துரைக்க வேண்டும். வெளியே சென்று பத்துப் பேரிடம் பேசுவதைவிட அதுவே பயன் தரும். வீட்டில் ஒருவர் "புளித்திருக்கிறது" என்று சொன்னால் அச்சொல்லுக்குச் செவி சாய்க்க வேண்டும். பெரும்பாலும் அவர் அடுப்பங்கரையில் நாற்பதாண்டு நின்றவராக இருப்பார். பரிமாறுபவர் வயதில் இளையவரானாலும் அவரை ஒருமையில் விளிக்காமல் இருக்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். காலை முதல் நின்றுகொண்டே இருக்கும் கால்கள் அவை. நம் மேசைக்கு வரும்போது அவர் புன்னகைக்கவில்லையெனில், முதலில் நாம் புன்னகைத்துப் பார்க்கலாம்.

பிள்ளை இரண்டு நாளில் நலமடைந்தான். ஊர் திரும்பும் இரயிலில் அத்தையிடம், மறுமுறை பெங்களூர் வந்தால் எங்கே உண்பது என்று பெரியப்பா வினவினார். "அந்த வெல்லச் சாம்பாருக்கே போகலாம், அண்ணா. கையில் கொஞ்சம் புளி கொண்டுபோகிறேன்" என்றார் அத்தை.